ஏழாம் குழு

ஜூன் 12, புதன்

எலிகள் இன்று வந்துவிட்டன. முப்பத்தாறு. எல்லாம் ஆண், எல்லாம் வெள்ளை. உமி பரப்பி, கூண்டுக்கு மூன்றாக விட்டு, ஒவ்வொன்றின் வாலிலும் மஞ்சள் சாயத்தால் கோடு போட்டு முடிக்கும்போது மணி நாலு. ஒன்று என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. கையுறைக்கு மேலேதான். ரத்தம் இல்லை.

ரெஜினா மேடம் எட்டிப் பார்த்து, "ஒரு வாரம் இடம் பழகட்டும் வாணி, அவசரப்படாத" என்றார். என் ஆய்வு நெறியாளர் அவர்தான். எனக்கு அவசரம் என்று அவருக்குத் தெரியும். பதினான்கு வருடம் இதே மருந்தியல் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். கூடப் படிக்கிறவர்கள் என்னை அக்கா என்கிறார்கள்.

ஆய்வுக் குறிப்பேட்டில் எடை, அளவு, கூண்டு எண் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. மற்றவற்றுக்கு இந்த நோட்டு.

மற்றவை என்றால் முதலில் என் வீட்டுக்காரர், இவருடைய இருமல். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் பதினெட்டு வருடம் மேற்பார்வையாளர். இறகுத் தூசு, காய்ந்த எச்சத்தின் தூசு. ஜனவரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நுரையீரல் அழற்சி. கொஞ்சம் தழும்பும் விழுந்திருக்கு. இனிப் பண்ணைப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறார். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை.

நான் ஆய்வுக்கு ஆடாதொடை இலையை எடுத்துக்கொண்டதே இவருக்காகத்தான் என்று ஊரில் பேச்சு. இல்லை. தலைப்பைப் பதிவு செய்தது அதற்கு ஒரு வருடம் முன்னால். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாவு ஆட்டினேன். சீருடை தேய்த்தேன். மகள் மிருதுளாவுக்குக் கணக்கில் எழுபத்தொன்று. பத்தாம் வகுப்பு, இது போதாது. திட்டவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா இவரைப் பார்த்து, "ஏனுங் நாச்சிமுத்து, ஊட்டுல இருந்து நல்லாச் சதை போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றார். இவர் சிரித்துவிட்டு உள்ளே வந்தார். மாத்திரையால் முகம் வீங்கி வட்டமாகிவிட்டது. ஒடுங்கிய கன்னத்தோடு இருந்த மனிதர். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சர்க்கரை வேறு வந்துவிட்டது. தூக்கம் பிடிப்பதில்லை.

"இந்த மாத்திரை என்னய ஊதி ஊதி வெடிக்க வெச்சுரும் புள்ள" என்றார்.

"மூச்சு விட முடியுதில்லைங்க, அதப் பாருங்க" என்றேன்.

ஜூலை 18, வியாழன்

இலைச் சாற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்து முடித்தாயிற்று. இருபது கிலோ காய்ந்த இலை. ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால் கரும்பச்சைப் பிசின். அதைக் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிரித்தால் கடைசியில் கிடைப்பது ஒரு சிறு குப்பியின் அடியில் ஒட்டிய வெளுத்த தூள். நகக்கண்ணில் கொஞ்சம் பட்டுவிட்டது போல. சாப்பிடும்போது ரசம் கசந்தது.

இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் குழுக்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். முதல் குழு எதுவும் செய்யாத எலிகள். இரண்டாம் குழுவுக்கு நோய் மட்டும். மூன்றாவதுக்கு நோயும் ஸ்டீராய்டும். நான்கு, ஐந்துக்கு முன்கூட்டியே நம் இலைப் பொருளைக் கொடுத்துவிட்டு அப்புறம் நோய் வரவைப்பது, குறைந்த அளவு ஒன்று, கூடின அளவு ஒன்று. ஆறாவதுக்கு நோய் வந்து ஊன்றின பிறகு கொடுப்பது.

"நாங்களும் வேக்சின் போடறப்ப ஒரு ஷெட்ட மட்டும் போடாம வெச்சுப் பாப்பமே, அதாட்டம்" என்றார். பத்தாவதோடு நிறுத்திய மனிதர். என் மாணவிகளைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "அப்ப என்னயாட்ட ஆளு எந்தக் குழுவுல வருவான்?"

"ஆறாவதுங்க."

"அது ரிசல்ட்டு எப்ப வரும்?"

"அதுக்குத்தான் நாளாகும். அக்டோபர் ஆயிரும்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதல் ஐந்து குழுக்களின் முடிவு வந்துவிட்டது. நுரையீரலைக் கழுவிய நீரில் வெள்ளணுக்களை நானே மூன்று முறை எண்ணினேன். இலைப் பொருளை முன்கூட்டிக் கொடுத்த எலிகளில் பாதிக்கும் கீழே. ஐந்தாம் குழு கிட்டத்தட்ட ஸ்டீராய்டுக்குச் சமம். திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு போலக் காற்றறைகள் திறந்து கிடக்கின்றன. இரண்டாம் குழுவில் அதே இடம் ஈரப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது.

ரெஜினா மேடம் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் தட்டுகிற ஆள் இல்லை.

வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன். சர்க்கரை என்று இவர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். முடிவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். மிருதுளா மீதி எல்லாவற்றையும் தின்றாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இவர் முகம் வற்றியிருக்கிறது. இன்று காலை சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோது, கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்த ஆள் மாதிரி இருந்தது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. "நடக்கறனல்ல" என்றார். தினமும் காலையில் சூலூர்க் குளத்துக் கரையில் நடந்துவிட்டு வருகிறார். போகும்போது கையில் ஒரு பை.

சமையலறையில் ஒரு வாசம். எனக்குத் தெரியாத வாசமா அது? டம்ளரின் அடியில் பச்சை வண்டல். கேட்டேன்.

"இருமலுக்குப் புள்ள. ஊருல எல்லாரும் குடிக்கறதுதான?"

ஆமாம், எல்லோரும் குடிப்பதுதான். கெடுதல் ஒன்றும் இல்லை. அளவு மீற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் நம்புகிற ஒன்றை இவரும் நம்புகிறார்.

மாத்திரை அட்டையைப் பார்த்தேன். இன்றைய தேதி வரை காலியாக இருந்தது. டாக்டரிடம் அடுத்த முறை போக வேண்டியது செப்டம்பர் 24.

செப்டம்பர் 5, வியாழன்

ஆறாம் குழுவில் ஒன்று செத்துவிட்டது. பதினோராம் கூண்டு, வாலில் இரண்டு கோடு. நேற்றே முதுகு வளைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. மருந்து ஒன்பது நாள் போயிருக்கிறது. ஒன்று செத்தால் எதையும் முடிவு கட்டக் கூடாது. எழுதி வைத்தேன், புதைத்தோம்.

மாணவிகள் ஆசிரியர் தினத்துக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். அதில்தான் இதை எழுதுகிறேன். மை கசிகிறது.

செப்டம்பர் 14, சனி

இவருக்கு நாலு நாளாக உடம்பு சரியில்லை. சோறு இறங்கவில்லை, வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்து நடக்கிறார். காய்ச்சல் நூறு. தெருவில் எல்லா வீட்டிலும் காய்ச்சல் இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உப்பு அதிகம் கேட்டார். இவர் உப்பு குறைவாகச் சாப்பிடுகிறவர்.

"திங்கக்கிழமை டாக்டர்ட்டப் போயிரலாங்க."

"இருவத்தி நாலாந்தேதி எப்படியும் போறோமல்லொ. அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"மாத்திரை?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

மிருதுளா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளும் வாடியிருக்கிறாள். பரீட்சை நேரம்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை பத்து மணிக்கு ஆய்வகத்துக்கு மிருதுளா போன் செய்தாள். காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். "அம்மா, அப்பா குளிக்கற ரூமுல உழுந்துட்டாரு. ஒதடு நீலமா இருக்குதும்மா."

ரெஜினா மேடத்தின் காரில் போனேன். ஆம்புலன்ஸ் எனக்கு முன்னால் வந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்த அழுத்தம் எடுக்கவே முடியவில்லை என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரே முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. எந்த எலியில் அப்படிப் பார்த்தேன் என்று எனக்கு எண்ணோடு தெரியும்.

டாக்டர் கேட்டார். "ஸ்டீராய்டு ஒழுங்கா சாப்பிட்டுட்டுத்தான இருந்தாரு? நடுவுல விட்டுட்டாரா?"

"இல்ல சார், தினமும் சாப்பிட்டார். அட்டையை நானே பார்ப்பேன்."

மிருதுளா என் பின்னால் நின்றாள். என் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

அப்படியே இருக்கிறார்.

செப்டம்பர் 21, சனி

மத்தியானம் மருத்துவமனைக் கேன்டீனில் மிருதுளாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. திடீரென்று சொன்னாள். "அப்பா மாத்திரை போடலீங்கம்மா."

"எப்ப?"

"ஆகஸ்ட்ல இருந்தே. மொதல்ல பாதி பாதியா. அப்பறம் இந்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து சுத்தமா இல்ல. அட்டையில இருந்து எடுத்து, செம்பருத்தித் தொட்டிக்குள்ள அமுத்தி மண்ணப் போட்டு மூடிருவாரு. நான் ஒரு நா பாத்துட்டேன்."

அவள் அழவில்லை. வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "சொல்லாதடா கண்ணு, அக்டோபருல அம்மாவோட ரிசல்ட்டு வரும்ல, அன்னிக்கு நானே சொல்றேன், 'உன்ற மருந்துலயே நான் நல்லாயிட்டேன்'னு, அம்மா எப்பிடி முழிக்கறான்னு பாப்போம்னாரு. அப்பா நடக்கறப்ப நல்லாத்தாம்மா இருந்தாரு. மொகமெல்லாம் பழையபடி ஆயிருச்சு. நான் நெஜமாவே நல்லாயிட்டாருன்னு…"

எழுந்து ஓடினேன். டாக்டர் இன்னொரு நோயாளியிடம் இருந்தார். குறுக்கே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரையும் அளவையும் மாற்றிச் சொன்னார். "இதை அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை சாப்பிடச் சாப்பிட உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய்விடும். தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது, உப்புக்கு நாக்கு ஏங்குவது. இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வருடா வருடம் இந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு.

வீங்கிய முகம் வற்றியதைப் பார்த்து அழகு என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலே.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. நுரையீரல்தான் திறக்கவில்லை. அடங்கியிருந்த அழற்சி மொத்தமாகத் திரும்பிவிட்டது, கூடவே தொற்றும் சேர்ந்துவிட்டது என்கிறார்கள்.

வெளியே நாற்காலியில் மிருதுளா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "என்னாலதானம்மா?" என்றாள். இல்லை என்றேன். எத்தனை முறை சொன்னாலும் நம்பவில்லை. அவள் நம்புகிற மாதிரி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி நான் இங்கே சரியாக எழுதவில்லை. "கொஞ்சம் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். அன்று நான் சொன்னது இது: "ஸ்டீராய்டுக்குச் சமமா வேலை செய்யுதுங்க. பாத்துட்டே இருங்க, இன்னுங் கொஞ்ச நாள்ல இந்த மாத்திரைக்கெல்லாம் வேலையே இல்லாம போயிரும்." ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னேன். முன்கூட்டிக் கொடுத்த எலிகள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவர் ஆறாம் குழு என்பது அன்று எனக்கு நினைவில்லை.

இதை மிருதுளாவிடம் சொன்னேன். முழுவதும். அவள் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அப்புறம் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 23, திங்கள்

ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். விழித்திருந்தார். முகமூடிக்குள் மூச்சு புகை புகையாகப் படிந்தது. நகம் வளர்ந்திருக்கிறது, நாளைக்கு நகவெட்டி எடுத்துப்போக வேண்டும்.

செப்டம்பர் 25, புதன்

காலை 10.40.

அக்டோபர் 6, ஞாயிறு

காரியத்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் போய்விட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர், "நீ மருந்து கண்டுபுடிக்கற படிப்புதான படிக்கறே" என்றார்கள். குத்திக்காட்ட அல்ல. பேச ஏதாவது வேண்டுமல்லவா.

இவர் நடைக்குக் கொண்டுபோகும் பையை இன்றுதான் தொட்டேன். காய்ந்து சுருண்ட ஆடாதொடை இலைகள், ஒரு சின்னக் கத்தரிக்கோல், பண்ணையில் கொடுத்த பழைய நோட்டு ஒன்று. முட்டை எண்ணிக்கை எழுதுகிற கட்டம் போட்ட நோட்டு.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ஏழாம் குழு. எலி 1. பெயர் நாச்சிமுத்து.

என் குறிப்பேட்டை எப்போதோ எடுத்துப் பார்த்திருக்கிறார். அதே மாதிரிக் கட்டங்கள். தேதி, எடை, இலை எத்தனை, மாத்திரை எவ்வளவு, குளத்துக் கரையில் நிற்காமல் நடந்தது எத்தனை தப்படி. ஆகஸ்ட் 12இல் தொடங்குகிறது. மாத்திரை பாதி, தப்படி 340. ஆகஸ்ட் 20இல் 365. "முகம் இறங்கிவிட்டது. பசி கொஞ்சம் குறைவு" என்று ஓரத்தில் குறிப்பு. செப்டம்பர் 1 முதல் மாத்திரைக் கட்டத்தில் பூஜ்யம்.

அதற்குப் பிறகு 310. 270. 212. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதியிருக்கிறார். "மழை ஈரம்." "நேற்று தூங்கவில்லை." "செருப்பு கடித்தது." செப்டம்பர் 10இல் 90. காரணம் எழுதவில்லை. இலையை மட்டும் இருபதிலிருந்து முப்பதாக்கியிருக்கிறார்.

எண் இறங்க இறங்கக் காரணம் தேடுவது ஆய்வு செய்கிற எல்லோருக்கும் வருகிற நோய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

மிருதுளாவிடம் காட்டவில்லை. அவள் பெரியவளானதும் காட்டுவேன். இல்லை, நாளைக்கே காட்டிவிடுவேன். நம் வீட்டில் இனி மறைத்து வைக்க எதுவும் வேண்டாம்.

அக்டோபர் 14, திங்கள்

ஆய்வகத்துக்குப் போனேன். நான் வராத நாட்களில் ஆறாம் குழுவுக்கு ரெஜினா மேடமே தினமும் மருந்து கொடுத்திருக்கிறார். அறுபது வயதை நெருங்குகிறவர். கை நடுங்குகிறது என்று மாணவிகளை எலி பிடிக்கச் சொல்லி, மருந்தைத் தானே ஊட்டியிருக்கிறார். தண்ணீர் பாட்டில்களைக் கழுவினேன். உமி மாற்றினேன். யாரும் எதுவும் கேட்காமல் இருக்க ரொம்பவும் சிரமப்பட்டார்கள்.

அக்டோபர் 21, திங்கள்

ஆறாம் குழுவின் முடிவு. மிஞ்சியது ஐந்து எலிகள்.

வித்தியாசம் இல்லை. இரண்டாம் குழுவுக்கும் இதற்கும் இடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. தழும்பு விழுந்த நுரையீரலில் இந்தப் பொருளால் ஆவது ஒன்றும் இல்லை. மூன்று முறை எண்ணினேன். நான்காவது முறை எண்ண உட்கார்ந்தபோது மேடம் வந்து நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டார்.

"போதும் வாணி. எண் மாறாது."

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் இறந்தபோதுகூட அப்படி அழவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டோம். மேடம் வரைவைக் கொடுத்தார். படித்தேன். ஐந்து குழுக்கள்தான் இருந்தன.

"ஆறாவது எங்க மேடம்?"

"அத இன்னொரு கட்டுரையா, அளவ மாத்திச் செஞ்சு, அப்புறம் போடலாம். இதுல போட்டா ஆய்விதழ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. உனக்குப் பட்டம் தள்ளிப்போகும். இதுல பொய் ஒண்ணும் இல்லம்மா. செஞ்சதுல ஒரு பகுதியைச் சொல்றோம், அவ்வளவுதான்."

அவர் என் நன்மைக்காகத்தான் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதான். போன வருடமென்றால் நானும் சரி என்றிருப்பேன்.

"ஆகஸ்ட்ல எங்க வீட்டுல நானும் அதத்தான் செஞ்சேன் மேடம்" என்றேன். "ஒரு பகுதியைச் சொன்னேன்."

அவருக்கு நான் அதுவரை எதுவும் சொன்னதில்லை. இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று மட்டும் தெரியும். பையிலிருந்து அந்த முட்டை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வெகுநேரம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வரைவை என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது. நீ எழுதுறபடி நான் கையெழுத்துப் போடுறேன்."

டிசம்பர் 5, வியாழன்

அனுப்பியாயிற்று. ஆறு குழுக்கள். "நோய் ஊன்றிய பின் கொடுத்தபோது பயன் காணப்படவில்லை, நோயாளிகள் தற்போதைய சிகிச்சைக்கு மாற்றாக இதைக் கருதக் கூடாது" என்ற வரியைச் சுருக்கத்திலேயே வைத்தேன், முடிவுரையில் ஒளித்து வைக்காமல்.

மிருதுளா அரையாண்டில் கணக்கில் எண்பத்தி நாலு.

ஜனவரி 24, வெள்ளி

கல்லூரி மலரிலிருந்து எடுத்து ஒரு நாளிதழில் நாலு வரிச் செய்தி போட்டிருக்கிறார்கள்: நுரையீரல் நோய்க்கு ஆடாதொடை, கோவை ஆய்வாளர் சாதனை. எங்களை யாரும் கேட்கவில்லை. கட்டுரையே இன்னும் ஏற்கப்படவில்லை. ஆறு நாளாகப் போன் வந்தபடி இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று. சரிங்க என்கிறார்கள். அந்தச் சரிங்க எனக்குத் தெரியும். இவருடைய 'போட்டாச்சு'ம் அப்படித்தான் இருந்தது.

இன்று நேரிலேயே இருவர் வந்துவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்லில் வேலை செய்த மாரப்பன், அவர் மனைவி. ஆய்வகப் படி நான்கு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். வட்ட முகம். அந்தம்மா கையில் துணிப்பை நிறைய இலை.

"எத்தன எலைங்க போடோணும்? எவ்வளவு தண்ணிங்க?" என்றார். எழுதிக்கொள்ளப் பேனாவோடு வந்திருந்தார்.

உட்காரச் சொன்னேன். "டாக்டர் குடுத்த மாத்திரை இருக்குதுங்களா?"

மாரப்பன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கடைசி ஆறும் உடைபடாமல் இருந்தன.

"ஆறு நாளா நிறுத்தியிருக்கறனுங்க. பேப்பர்ல பாத்த அன்னிக்கிருந்து. இந்த மூஞ்சியோட வெளிய தல காட்ட முடியறதில்லீங்க."

வழக்கமாகப் போனில் சொல்வதைச் சொல்லப் போனேன். அதற்குப் பதிலாக, "எங்க ஊட்டுக்காரரும் நிறுத்தினாருங்க" என்றேன். அதிலிருந்து நிறுத்த முடியவில்லை. ஜிலேபி வாங்கிப் போனது, செம்பருத்தித் தொட்டி, முட்டை நோட்டு, தப்படி 365, தப்படி 90, பத்து நாற்பது, ஆறாம் குழு, எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத இரண்டு பேரிடம், கூண்டு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

முடித்தபோது அந்தம்மாதான் பேசினார். "அப்பறம் அவருக்குத் தெரிஞ்சுதுங்களா, நீங்க சொன்னதாலதான்னு? உங்க மேல கோவிச்சுக்கலீங்களா?"

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நகம் வளர்ந்திருந்தது என்று மட்டும் எழுதினேன். அன்று நடந்தது இது. அவர் முகமூடியைக் கையால் விலக்கினார். நர்ஸ் வேண்டாம் என்றாள். என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். குனிந்தேன்.

"இல்லீங்க" என்றேன் அந்தம்மாவிடம். "கோவிச்சுக்கல. 'உன்ற ரிசல்ட்டக் கெடுத்துப்போட்டேன் புள்ள'ன்னு சொன்னாருங்க."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்களுடைய டாக்டருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். பழைய அளவிலேயே உடனே ஆரம்பிக்கச் சொன்னார், நாளைக்கே நேரில் வரச் சொன்னார். மாரப்பன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு மாத்திரையை உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா அம்மிணி" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் விழுங்கும்வரை அங்கேயே நின்றேன்.